இச்சுவரில் எத்தனை திறப்புகள்?

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன கிழமை நான் முன்பு வேலை பார்த்த உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடு வரைவதற்காகப் புதிதாக வந்திருக்கும் செயலியை உங்கள் கைத்தொலைபேசியில் காட்டினீர்கள். விரலால் இழுத்தால் சுவர் நீள்கிறது. தட்டினால் கூரை வருகிறது. "ஆருக்கும் விளங்கும் சேர், அவ்வளவு லேசு" என்று உங்களில் ஒருவர் சொன்னார். நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதே வசனத்தை 2005ஆம் ஆண்டில் நானும் சொல்லியிருக்கிறேன். அதன் விளைவாக ஒரு மனிதர் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார். அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்கு நாள் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. 26 டிசம்பர் 2004, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய என் நாட்குறிப்புக் கொப்பிகள் எல்லாம் கல்முனைக்குடியில் இருந்த வீட்டோடு கடலுக்குள் போய்விட்டன. அதற்குப் பிந்தியவை இருக்கின்றன. கீழே வருவதெல்லாம் அவற்றிலிருந்துதான்.

கடலோரத்தில் மறுபடி கட்டக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்திருந்த நேரம் அது. உள்பக்கம் காணி உள்ளவர்களுக்கு அவரவர் காணியிலேயே ஓரறை வீடு கட்டிக் கொடுக்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் முன்வந்தது. கூடவே ஒரு மடிக்கணினியும், அதற்குள் ஒரு சின்ன நிரலும், அதை இயக்கிக் காட்ட ஒரு பொறியியலாளரும் வந்தார்கள். பொறியியலாளர் கோயம்புத்தூர்க்காரர். மெலிந்த, மரியாதையான பிள்ளை. நிரலைத் தமிழில் எழுதியவரும் அவர்தான். வீட்டில் இருக்கப்போகிறவரே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலிலிருந்து வரைபடம் தானாக வர வேண்டும் என்பது அவருடைய கனவு. நல்ல கனவுதான். அலுவலகத்தின் படவரைஞர் என்ற முறையில் அவருக்கு உதவியாக என்னைப் போட்டார்கள்.

மொத்தம் ஏழு கேள்விகள். நீளம், அகலம், எத்தனை பேர், இப்படி. ஐந்தாவது கேள்வி ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனியாக, நான்கு தடவை வரும்: "இச்சுவரில் எத்தனை திறப்புகள் தேவை?" பூச்சியம் என்று சொன்னால் நிரல் அடுத்த சுவருக்குப் போய்விடும். ஒன்றோ இரண்டோ என்றால், "பெரிய திறப்பா, சிறிய திறப்பா?" என்று கேட்கும்.

நீங்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். இந்நேரம் சிரித்திருப்பீர்கள். எங்களுக்குத் திறப்பு என்றால் பூட்டைத் திறக்கிற திறப்பு. கோயம்புத்தூரில் அதற்குச் சாவி என்று பெயர். அவர் திறப்பு என்று எழுதியது சுவரில் விடுகிற வெளியை, அதாவது கதவையும் யன்னலையும். பின்னர் ஒரு பழைய அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பொருளும் அடுத்தடுத்த வரியில் சமாதானமாக இருந்தன. கல்முனையில் அவை சமாதானமாக இருக்கவில்லை.

பாடசாலை ஒன்றில் தங்கியிருந்த குடும்பங்களிடம் கேள்விகளைக் கேட்கப் போனோம். பொறியியலாளர் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் "புரியுதுங்களா?" என்பார். சனம் "ஓம்" என்று சொல்லும். முதல் நாள் காலை முழுக்க அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டின்போது என்னிடம் மெதுவாக, "சார், இங்க முஸ்லிம்களும் ஓம் சொல்றாங்களே" என்றார். 'ஆம்' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று விளக்கினேன். அந்த ஒரு சொல்லைத் தீர்த்து வைத்த பெருமையில், இனிப் பாஷையில் பிரச்சினை வராது என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

அங்கே தங்கியிருந்தவர்களில் ஆகக் கூடிய அவசரம் ஆசியா உம்மாவுக்கு இருந்தது. அவருடைய கணவர் அந்த ஞாயிற்றுக்கிழமை மௌத்தாகிவிட்டார். ஆசியா உம்மா இத்தாவில் இருந்தார். உங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அவருக்கு வீடே இல்லை. ஒரு வகுப்பறையின் மூலையில் மூன்று சேலைகளைக் கட்டி அதற்குப் பின்னால் இருந்தார். அது மார்ச் மாதம். வருகிற திங்கட்கிழமை அந்த வகுப்பறையில் பிள்ளைகள் உட்கார வேண்டும், ஞாயிறு பின்னேரத்துக்குள் காலியாக வேண்டும் என்று பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு எழும்பாவிட்டால், மைதானத்தில் வரிசையாக அடித்திருந்த கூடாரம் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். அங்கே முன்னால் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி, பின்னால் ஆண்களின் கழிப்பறை வரிசை. மாவடிப்பள்ளிப் பக்கம் அவருடைய சீதனக் காணி சும்மா கிடந்தது. அதில் முதல் வீடாக அவருடையதைக் கட்டுவதென்று முடிவாயிற்று.

கேள்விகளை நான் வாசித்தேன். அவருடைய தங்கச்சி பளீலா சேலைக்கு உள்ளே தலையை விட்டு அதைத் திரும்பச் சொல்லிப் பதிலைக் கொண்டுவந்தார். உள்ளே பேசுவது எங்களுக்கும் கேட்டது. கேட்காதவர்கள் போல் இருந்தோம்.

"முன்சுவரில் எத்தனை திறப்புகள் தேவை?"

"ராத்தா, முன்சுவரில எத்தின திறப்பு வேணுமாம்."

"சுவரிலயா?" என்றது உள்ளிருந்து குரல். "திறப்ப ஆராவது சுவரில தொங்க விடுவாகளா? கள்ளனுக்கு விலாசம் குடுக்கிற வேலையா? ஒண்டும் வேணாமெண்டு செல்லு."

"ஒண்டும் வேணாமாம்."

பூச்சியம் போட்டேன். பின்சுவர். பூச்சியம். இடது பக்கச் சுவருக்கு வந்தபோது உள்ளிருந்த குரல் சலித்துப் போனது. "எத்தின சுவரெண்டாலும் இதான் மறுமொழி. என்ட திறப்பு என்ட முந்தானையில கிடக்கு. அங்கேயே கிடக்கும்." கடல் கொண்டுபோன வீட்டின் திறப்பை அவர் முந்தானை முடிச்சில் வைத்திருந்தார். அந்த நாட்களில் பலரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

நானும் அதைத் திறப்பு என்றுதான் விளங்கிக்கொண்டேன். திறப்பை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதைக்கூடக் கேட்டு எழுதும் வெளிநாட்டு நிறுவனத்தின் நுணுக்கத்தை உள்ளூர வியந்தேன். பக்கத்தில் இருந்த பொறியியலாளரோ முகம் வெளுத்துப்போய் இருந்தார். வெளியே வந்ததும் என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இத்தா காலத்துல திறப்பே இருக்கக் கூடாதுங்களா?"

"அப்படி ஒரு சட்டமும் இல்ல, தம்பி. ஆனா அவ எங்கயும் போகமாட்டா. திறப்பு என்னத்துக்கு?"

"நாலு மாசம் பத்து நாளும்?"

"ஓம்."

"அப்ப சாப்பாடு?"

"தங்கச்சி கொண்டுபோய்க் குடுப்பா."

"எப்படிங்க குடுப்பாங்க?"

"கையாலதான்."

அவர் அண்ணாந்து கூரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு மிகுந்த பக்தியோடு தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். அவர் எழுதியதைப் பின்னர் பார்த்தேன்: 'உள்ளூர் வழக்கத்தை மதிக்கவும். கேள்வி எழுப்ப வேண்டாம்.'

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அலட்சியத்தால் வந்த பிழைகள் என் கொப்பிகளில் நிறைய இருக்கின்றன. இது மரியாதையால் வந்த பிழை. ஒரு மனிதர், இன்னொரு மனிதரின் வழக்கத்தில் கை வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், ஒரு பெண்ணை நான்கு சுவருக்குள் வைத்துக் கட்டிவிடச் சம்மதித்தார். "எதுக்குங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். எனக்கும் அதே பங்கு உண்டு. "எப்படிங்க குடுப்பாங்க?" என்று ஒரு படித்த மனிதர் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன படம் ஓடுகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

படம் கடைசியில்தான் வரும். அதையும் அலுவலகத்தில்தான் அச்சிட முடியும். அச்சான தாள்களைக் கட்டாக என் மேசையில் வைத்தார்கள். நான் கையெழுத்து வைக்கும் மூலையை மட்டும் புரட்டிப் புரட்டிக் கையெழுத்திட்டு, ஒவ்வொன்றிலும் ஒழுங்காகத் திகதி போட்டேன். திகதியில் ஒரு பிழையும் இல்லை.

புதன்கிழமை மேசன் தொலைபேசியில் கூப்பிட்டார். காரைதீவுக்காரர், பெயர் சிவலிங்கம். நான் கூட்டம் ஒன்றில் இருந்தேன்.

"சேர், இந்தப் படத்தில வாசல் ஒண்டையும் காணல்லையே."

"படத்தில உள்ளபடி கட்டுங்க."

"இல்ல சேர், வாசல்…"

"மேசன், படத்தில உள்ளபடி."

இதற்குக் காரணம் இருந்தது. முந்திய கிழமை கல்முனைக்குடியில் எங்கள் அலுவலகத்தின் வேறொரு வேலையில் ஒரு மேசன் ஒரு யன்னலைச் சற்றுத் தள்ளி வைத்ததற்காக, மேற்பார்வையாளர் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அந்தச் சுவரை உடைப்பித்திருந்தார். அன்றிலிருந்து நான் எல்லா மேசன்மாருக்கும் இந்த ஒரே மறுமொழியைத்தான் கொடுத்து வந்தேன். சிவலிங்கம் சரியான தாளைப் பார்க்கவில்லை என்றும் நினைத்தேன். ஒரு மேசன் மடத்தனமான கேள்வி கேட்பதுபோலத் தோன்றினால், மடத்தனம் உங்கள் தாளில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்நாளில் வாசல் இல்லாமல் வீடு கட்டியவரில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாவடிப்பள்ளிக்குப் போனேன். வயலோரத்தில் அழகான வீடு. கல் வரிகள் நூல் பிடித்ததுபோல் இருந்தன. கூரைத் தகரம் மட்டும் இன்னும் போடவில்லை. மேசன் நிழலில் ஏணியைச் சாய்த்துவிட்டு, தேநீர்க் கோப்பையை ஒரு வாளியில் வைத்துக் கயிற்றால் சுவருக்கு மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கு ஆர்?"

"என்ட மச்சான். நிலத்துக்குச் சீமெந்து பூசுறான்."

"எப்படி வெளியில வருவார்?"

"அதப் படத்திட்டக் கேளுங்க சேர்" என்றார் மேசன். "நான் படத்தில உள்ளபடி கட்டுறவன்."

உள்ளேயிருந்து, "சீனி காணாது மச்சான்!" என்று குரல் வந்தது.

மூன்று தடவை சுற்றி வந்தேன். நான்காவது தடவையும் வாசல் இல்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். தடித்த கறுப்புக் கோட்டால் ஒரு செவ்வகம். மூலையில் என் கையெழுத்து, திகதியோடு.

உடனே பொறியியலாளரைக் கூப்பிட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்திறங்கியவர், அந்த வீட்டின் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

"வாசல் எங்க தம்பி?" என்றேன்.

"நீங்கதானே சார் நாலு சுவத்துக்கும் திறப்பு ஜீரோன்னு போட்டீங்க?"

"அவ திறப்பத் தொங்க விட விருப்பமில்ல எண்டா. அதுக்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம்?"

"தொங்க விடறதா? திறப்பு இல்லாம எப்படிங்க உள்ள போறது?"

"திறப்பு இல்லாட்டி உள்ள போக ஏலாதுதான். ஆனா முதல்ல வாசல் வேணுமே!"

"வாசல்தாங்க திறப்பு!"

நான் சட்டைப் பையிலிருந்து அலுவலக அலுமாரியின் திறப்பை எடுத்துக் காட்டினேன்.

"தம்பி, இதுக்கு என்ன பேர்?"

"சாவிங்க."

"இஞ்ச இதுக்குத்தான் திறப்பு எண்டு பேர்."

அவர் அப்படியே மணற்குவியலில் உட்கார்ந்துவிட்டார். மேசன் ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயலைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். உள்ளே இருந்தவருக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். "சேர்," என்றது சுவர், "சாவியோ திறப்போ, ஏதாவது ஒண்டத் தந்து என்ன வெளியில எடுங்க."

ஏணியை உள்ளே இறக்கி அவரை எடுத்தோம்.

கையெழுத்திட்ட மற்றத் தாள்களைப் பொறியியலாளர் பையிலிருந்து எடுத்து அங்கேயே புரட்டினோம். நிவாரணத்தில் கொடுத்த பூட்டுக்கு மூன்று திறப்பு இருந்ததால், பல குடும்பங்கள் ஒரே சுவரில் மூன்று என்று சொல்லியிருந்தன. ஜவுளி வியாபாரி ஒருவர், அழிந்துபோன கடையின் திறப்புக் கோர்வையை இடுப்பிலிருந்து எடுத்து எண்ணிப் பார்த்து, 'பெரியது ஐந்து, சிறியது ஏழு' என்று கொடுத்திருந்தார். அவர் வீட்டின் முன்சுவர் மீன் வலைபோல் இருந்தது. பின்னர் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, அவர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வரும்போல இரிக்கி. இதையே கட்டினா என்ன?" என்றார்.

அது பிறகு. அன்று எங்கள் முன்னால் ஒரே கேள்விதான் நின்றது: ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆசியா உம்மாவின் வீட்டில் எங்கே வெட்டுவது? மேசன் சுண்ணக்கட்டியை எடுத்து முன்சுவரின் நடுவில் கோடு போடப் போனார். "நில்லுங்க" என்றேன். வாசல் என்றால் முன்னால் நடுவில் என்பது எங்கள் மூவரின் எண்ணம். எங்களில் ஒருவரும் அந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. மறுபடி போய்க் கேட்கலாம் என்றார் பொறியியலாளர். எந்தச் சொல்லால் கேட்பது? ஒரு சொல் எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்ட பிறகு, இன்னொரு சொல்லை நம்ப எனக்குத் துணிவு வரவில்லை.

நிவாரணச் சவர்க்காரம் வந்த அட்டைப் பெட்டி ஒன்று மேசனிடம் ஆணி போட்டு வைக்க இருந்தது. ஆணிகளைக் கொட்டிவிட்டு அதை வாங்கினேன். ஒரு பக்கத்தில் நெல் வயல், மறு பக்கத்தில் சனம் போகும் ஒழுங்கை, இன்னொரு பக்கத்தில் அடுத்த காணிக் கிணறு என்று பென்சிலால் படமாகக் கீறினேன். அதை ஒரு பிளேடோடு பாடசாலைக்குக் கொண்டுபோய்ப் பளீலாவிடம் கொடுத்தேன்.

"இதான் ராத்தாட வீடு. எங்க வெட்டோணுமோ அங்க வெட்டித் தரச் சொல்லுங்க. நாங்க ஒண்டும் கேக்கமாட்டம்."

பெட்டி சேலைக்குப் பின்னால் போனது. பொறியியலாளர் வாயைத் திறக்கப் போனபோது அவர் கையைப் பிடித்து அமர்த்தினேன். பிளேடு அட்டையை அறுக்கும் ஓசை கேட்டது. பெட்டி வெளியே வந்தது.

பின்பக்கம், கிணற்றுக்கு நேராக ஒரு வாசல். அதற்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் முகமட்டத்துக்கு வரும் ஒரு சின்ன யன்னல். ஒழுங்கைப் பக்கமான முன்சுவரில் ஒரு கீறலும் இல்லை.

"முன்னால மறந்துட்டாவா?" என்றேன், கேட்கமாட்டேன் என்று சொன்னதை மறந்து.

பளீலா உள்ளே போய் வந்தார். "மறக்கல்லையாம். இத்தா முடியுமட்டும் முன்னால வாசல் வேணாமாம். வெச்சா, கமராவோட வாற சனமெல்லாம் அதாலதான் வருமாம். 'முன்வாசல் என்ட கணக்கு, நாள் வந்தாச் செல்லுவன்' எண்டு செல்லச் சொன்னா."

படியில் இறங்கும்போது பொறியியலாளர், "அப்ப முன்சுவத்துக்கு நம்ம ப்ரோக்ராம் சரியாத்தானே சார் போட்டிருக்கு" என்றார். அவர் முகத்தில் அன்று பின்னேரம் முழுக்கக் காணாத வெளிச்சம் தெரிந்தது.

படத்தை மாற்றக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும். அது திங்கட்கிழமைக்கு முன் வராது. தாளில் பேனாவால் பின்வாசலையும் யன்னலையும் வரைந்து, "குடியிருப்பவரின் விருப்பப்படி மாற்றப்பட்டது" என்று எழுதி நானும் பொறியியலாளரும் கையெழுத்திட்டோம். இந்தத் தடவை மூலையை அல்ல, முழுத் தாளையும் பார்த்துவிட்டு. சனிக்கிழமை மேசனும் மச்சானும் வெட்டினார்கள். மச்சான் முதல் கல்லை உள்ளேயிருந்துதான் தட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து, ஏணியால் ஏறி மறுபடி உள்ளே இறங்கினார். ஞாயிறு காலை தகரம் ஏறியது. பின்னேரம் நான்கு பக்கமும் சேலை கட்டிய ஒரு ஓட்டோ, சாரதிக்கு முன்கண்ணாடி மட்டும் தெரிய, ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு வயல் வரம்போரமாகப் பின்பக்கம் போய் நின்றது. நாங்கள் ஆண்கள் எல்லோரும் முன்சுவரைப் பார்த்தபடி நின்றோம். பார்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. பின்னால் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. பொறியியலாளர் மூச்சை விட்டார்.

அடுத்த கிழமை மேற்பார்வையாளர் வந்து படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். முன்சுவருக்கு முன்னால் நின்று, "கதவு?" என்றார். "பின்னால." "ஏன்?" "அவ கேட்டா." அவர் பேனாக் கோட்டையும் இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டுச் சரி போட்டார். 'அவ கேட்டா' என்பதைவிடப் பெரிய அனுமதி ஒன்றும் என் வேலைக்காலத்தில் எனக்குத் தேவைப்படவில்லை.

பொறியியலாளர் அந்தக் கேள்வியையே நிரலிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, தாளில் அச்சிட்டு மடித்தால் பெட்டியாகும் ஒரு படத்தைச் சேர்த்தார். கத்தரிக்கோல்தான் கேள்வி. நான்கு வருடம் கழித்து யுத்தம் முடிந்த காலத்தில், வடக்கில் எங்கோ ஒரு முகாமிலிருந்து கூப்பிட்டு, "சார், இங்கயும் சாவிக்குத் திறப்புன்னுதான் சொல்றாங்க. நல்ல வேளை" என்றார்.

மே மாதம் முதல் வாரம் இத்தா முடிந்தது. பிறைக் கணக்கை நானும் வைத்திருந்தேன். மறுநாள் பளீலா கூப்பிட்டார். மேசனோடு போனேன். இந்தத் தடவை முன்சுவரில் வெட்ட வேண்டிய கோடு ஏற்கெனவே கரியால் போடப்பட்டிருந்தது. நடுவில் அல்ல, கடல் இருக்கும் பக்கத்தை விட்டுத் தள்ளி. கதவு பொருத்தி முடிந்ததும், அதுவரை குரலாக மட்டும் நான் அறிந்திருந்த ஆசியா உம்மா முக்காட்டோடு அந்த வாசலால் வெளியே வந்தார். நிலத்தில் கிடந்த ஆணியொன்றை எடுத்து மேசனிடம் நீட்டினார்.

"மேசன், இத இந்தச் சுவரில அடிச்சுத் தாங்க."

வாசலுக்குப் பக்கத்தில் மேசன் ஆணியை அறைந்தார். ஆசியா உம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பழைய வீட்டுத் திறப்பை எடுத்து அதில் மாட்டினார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கள்ளனுக்கு விலாசம் குடுக்கிற வேலையெண்டு செல்லினீங்களே."

"கேட்டுக்கொண்டா இருந்தீங்க?" என்றார். பிறகு, காக்கா என்று அண்ணன் முறை வைத்துச் சிரித்தார். "எடுத்திட்டுப் போகட்டும் காக்கா. இதுக்குப் பூட்டுத் தேடுற கள்ளன் கடலுக்குள்ளதான் இறங்கணும்."

அலுவலகத்துக்கு வந்து அவருடைய தாளை எடுத்தேன். முன்சுவர் என்ற வரியில் இருந்த பூச்சியத்தை வெட்டினேன். இச்சுவரில் எத்தனை திறப்புகள்? ஒன்று என்று எழுதித் திகதி போட்டேன். கோயம்புத்தூர்த் தமிழிலும் கல்முனைத் தமிழிலும் அது சரியாக இருந்தது.